உமிக் கடகம்: அடுப்பை நிற்பாட்டிய பிறகும் வேகும் கடலை

இரவு ஒன்பதரைக்குப் பதினைந்து நிமிடம் கொதித்து, பானையோடு உமிக் கடகத்துக்குள் (உமித் தலையணை அடைத்த பனையோலைக் கூடைக்குள்) வைத்த கடலை (கொண்டைக்கடலை), விடிய ஐந்து மணிக்குக் கடகத்தைத் திறந்தபோது விரலால் நசுக்கினால் மசிகிற பதத்தில் இருந்தது. தண்ணீரின் சூடு 66 பாகை. இடையில் காஸும் எரியவில்லை, கரண்டும் ஓடவில்லை. இது மூன்றாவது வடிவம். முதல் இரண்டும் எங்கே பிழைத்தன என்று தெரியாவிட்டால் இதைச் செய்து பார்ப்பவர்களும் அதே இடத்தில்தான் போய் நிற்பார்கள், ஆகவே தொடக்கத்திலிருந்தே எழுதுகிறேன்.

எங்கள் வீடு வட்டக்கச்சியில். இவர், என் கணவர், வயல், உழவு மெசின் என்று நிலம் வெளிக்க முதலே போய்விடுவார். எனக்குக் கிளிநொச்சி ரவுனில் வேலை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஏழரைக்கு. விடிய ஐந்து மணியிலிருந்து ஆறே முக்கால் வரைக்கும் காலைச் சாப்பாடு, பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுப்பது, மத்தியானச் சோறு கறி என்று மூன்றும் இரண்டு வாய் அடுப்பில் நடக்க வேண்டும். கடலையோ கௌப்பியோ (தட்டைப்பயறு) அவிக்கிற நாளில் ஒரு வாயை அதுவே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடித்துக்கொள்ளும். அதனால் வாரத்தில் பாதி நாள் பாணும் சம்பலும்தான். கடலை அவிக்க நேரம்தான் இல்லை.

காஸ் விலையும் மனதில் இருந்தது. 2021 கடைசியில் 12.5 கிலோ சிலிண்டர் கொழும்பு விலைக்கு 2,675 ரூபா. 2022 ஏப்ரில் முடிகிறபோது அது 4,860. எங்கள் பக்கம் வந்துசேர அதற்கு மேலே ஏற்றுகூலி வேறு. அதே வருடம் மார்ச் 31 அன்று 13 மணித்தியால மின்வெட்டு, றைஸ் குக்கர் சும்மா அலுமாரிக்கு மேலே இருந்தது. காஸ் பிறகு இறங்கியது, ஆனால் மின்கட்டணத்தை 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கூட்டிவிட்டார்கள். வன்னியில் விறகுக்கு என்ன பஞ்சம் என்று கேட்பீர்கள். விறகு இருக்கிறது. ஆனால் விறகடுப்புக்குப் பக்கத்தில் ஓர் ஆள் குந்தியிருக்க வேண்டும், எங்கள் வீட்டில் விடியப்புறம் அந்த ஆள்தான் இல்லை. மாமிக்கு முழங்கால் வருத்தம்.

கொதித்த பானையைச் சூடு வெளியேறாமல் பொதிந்து வைத்தால் மிச்சத்தை அது தானாக அவிக்கும் என்பது பழைய விசயம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், எரிபொருள் தட்டுப்பட்ட பிரித்தானியாவில், வைக்கல் அடைத்த பெட்டியில் சமைக்கச் சொல்லி அரசாங்கமே பிரசாரம் செய்தது. மாமிக்கும் புதிதல்ல. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் பாதி வெந்த கஞ்சிப் பானையைச் சாக்கால் சுற்றி உழவு மெசின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போய், நின்ற இடத்தில் திறந்து குடித்திருக்கிறார்களாம். "அது பசி, பிள்ளை. வெந்ததோ வேகேல்லையோ, ஆர் பாத்தது?" என்றார்.

முதலில் பானை. இதில் அளவு முக்கியம். நான் எடுத்தது 5 லீற்றர் கொள்ளும் சில்வர் பானை, குறுக்களவு 24 சென்ரிமீற்றர், காது சின்னது, மூடி இறுக்கமாக உட்காரும். நீண்ட கைபிடி உள்ள சட்டி சரிவராது, அந்தக் கைபிடி வழியாகவே சூடு வெளியே போகும், பொதியவும் முடியாது. வீட்டில் ஏற்கனவே இருந்த பனையோலைக் கடகம் வாய் அகலம் 45, ஆழம் 35. பானையைச் சுற்றி எல்லாப் பக்கமும் நான்கு விரல்கடைக்கு மேல் இடம் கிடைக்கும்.

மாசி மாதம், காலபோக அறுவடை முடிந்த கையோடு தொடங்கியதால் வைக்கலுக்குச் செலவில்லை. அடியில் ஒரு சாண், சுற்றி நாலு விரல், மேலே பழைய கம்பளி. அரைக் கிலோ புழுங்கல் அரிசி, ஐந்து நிமிடக் கொதி, உள்ளே வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். மத்தியானம் மாமி திறந்து பார்த்தால், அரிசி ஊறிய பதத்தில் இருக்கிறது, மாட்டுக்கொட்டில் வாசம் வேறு. பின்னேரம் நான் வந்ததும் பானையைக் காட்டி, "இது மாட்டுக்குத்தான் சரி" என்றார். மாடும் தின்றது.

இதில் பல சங்கதிகள் ஒன்றாகப் பிழைத்திருந்தன. அறுவடை மெசின் துப்பிய வைக்கல் நொறுங்கிக் கிடக்கும், கையால் வெட்டிய வைக்கல் மாதிரிப் படிந்து நிற்காது. அதில் ஈரமும் இருந்தது. ஓலைக் கடகம் காற்றை விடும், வைக்கலும் விடும். பானையில் பாதிக்கு மேல் வெறுமை. இது மிக முக்கியம்: சூட்டைப் பிடித்து வைப்பது பானையில் இருக்கிற தண்ணீரும் சாமானும்தான். பாதிப் பானை என்றால் பாதிச் சூடு. வைக்கலை இரண்டு நாள் நல்லாய்க் காயவைத்து, இறுக்கி அடைத்து, பானையை முக்கால் நிரப்பி மறுபடி வைத்தபோது கொஞ்சம் தேறியது. ஆனால் ஒரு கிழமையில் மூடித் துணியில் பூஞ்சணம், வைக்கலுக்குள் சின்ன வண்டு. ஒவ்வொரு தரமும் பானையை எடுக்க வைக்கல் குசினி முழுக்கக் கொட்டும். காலையில் கூட்ட யாருக்கு நேரம்?

அடுத்தது ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டி. முல்லைத்தீவுப் பக்கம் இருந்து மீன் கொண்டுவருகிற வியாபாரியிடம் மூலை உடைந்த ஐஸ் பெட்டி ஒன்று சும்மா கிடைத்தது. தேசிக்காய், சவர்க்காரம், வெயில் என்று எல்லாம் போட்டும் மீன் வாசம் முழுதாய்ப் போகவில்லை. சூட்டை வைக்கலைவிட நன்றாகப் பிடித்தது, அது உண்மை. ஆனால் அடுப்பிலிருந்து இறக்கிய பானையின் அடி நூறு பாகைக்கு மேலே இருக்கும். ரெஜிபோம் அந்தச் சூட்டுக்கு இளகிவிடும். வைத்து எடுத்தபோது பெட்டியின் அடியில் பானையின் வட்டம் அப்படியே பதிந்து, விளிம்பு சுருங்கி, பிளாஸ்ரிக் மணம். சாப்பாட்டுக்குப் பக்கத்தில் அந்த மணம் வரக்கூடாது. பலகை வைத்துப் பார்க்கலாம் என்றார் இவர். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அந்தப் பெட்டியில் இப்போது கறிவேப்பிலைக் கன்று நிற்கிறது.

உமி யோசனை அரிசி ஆலையில் வந்தது. நெல் குத்தக் கொடுத்துவிட்டு நிற்கும்போது பின்பக்கத்தில் மலை மாதிரி உமிக் குவியல். உமி ஈரத்தை லேசில் இழுக்காது, கெதியில் உக்காது, ஒன்றோடொன்று சேர்ந்து கிடக்கும்போது இடையில் காற்று அடைபட்டு நிற்கும். கோழிப் பண்ணைக்காரரும் செங்கல் சூளைக்காரரும் வந்து அள்ளுவதால் சில ஆலைகளில் காசு கேட்பார்கள். எங்களுக்கு நெல் குத்தியதால் இரண்டு சாக்கு சும்மா தந்தார்கள்.

அந்த இரண்டு சாக்கும் புடைத்து முடிய ஒரு சாக்குத்தான் மிஞ்சியது. இந்த வேலையைத் தவிர்க்க முடியாது. ஆலை உமியில் தவிட்டுத் தூளும் குறுநொய்யும் சப்பி நெல்லும் கலந்திருக்கும். தவிடு ஒரு மாதத்தில் காறல் மணம் அடிக்கும், நொய் எலிக்கு விருந்து. காற்றடிக்கிற பின்னேரமாகப் பார்த்து, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, சுளகால் புடைத்தேன். பிறகு தார்ப்பாயில் விரித்து உச்சி வெயிலில் காயவிட்டேன். கையில் அள்ளி இறுக்கித் திறந்தால் உள்ளங்கையில் தூள் ஒட்டாமல் உமி மட்டும் சறுக்கி விழ வேண்டும். அதுதான் பதம்.

உமியைப் பழைய சேலைத் துணியில் அடைத்துப் பார்த்தேன். உமியின் நுனி ஊசி மாதிரி, மெல்லிய துணியைக் குத்திக்கொண்டு வெளியே வரும், கையில் அரிக்கும். ஆகவே உள்ளுறை 25 கிலோ அரிசி வந்த நைலோன் பை, வெளியுறை பருத்தி. வெளியுறைக்கு இவருடைய பழைய சாரம் இரண்டு. கழற்றித் துவைக்கக்கூடிய மாதிரி ஒரு பக்கம் நாடா வைத்தேன்.

சுற்றுத் தலையணைதான் என்னை அலைக்கழித்தது. கடகத்துக்குள் பானையைச் சுற்றி வரும் நடு வட்டம் 107 சென்ரிமீற்றர் வரும் என்று நூல் பிடித்து அளந்து, 110 நீளத்துக்குப் பையைத் தைத்து உமியை நிரப்பினால், அது 70க்குச் சுருங்கிவிட்டது. தட்டையாகக் கிடக்கிற பை நிரம்பும்போது உருண்டுபோகும், அகலம் குறையும். 10 சென்ரிமீற்றர் தடிப்பான குழாய் ஒன்று வேண்டுமென்றால் தட்டையில் ஏறக்குறைய 16 விட வேண்டும். அந்தக் கணக்கில் 11 குழாய்க்கு 175 நீளம் வெட்டினேன், உயரம் 33. குழாய் குழாயாகப் பிரிக்காமல் ஒரே பையாக நிரப்பினால் இரண்டு நாளில் உமி முழுக்க அடிக்கு இறங்கி மேல்பக்கம் வெறும் துணியாகிவிடும், அதையும் பார்த்தாயிற்று. குழாய்க் கோடுகளை நிரப்புவதற்கு முன்பே மெசினில் ஓட்டிவிட வேண்டும். நிரப்பிய பிறகு ஓட்டினால் உமியில் பட்டு ஊசி உடையும். எனக்கு 16ஆம் நம்பர் ஊசியும் தடித்த நூலும் போதுமாக இருந்தது. அடிப்பக்கம் அரை வெட்டிய சோடாப் போத்தலைப் புனலாகப் பிடித்து, அகப்பைக் காம்பால் குத்திக் குத்தி நிரப்பினேன். மேல் வாயைச் சாக்கூசியால் கையால் தைத்தேன். அடித் தலையணை 8 சென்ரிமீற்றர் தடிப்பு, மேல் தலையணை 12. எல்லாம் சேர்த்து ஏழு கிலோ அளவு உமி போனது. மேல் தலையணை கடகத்துக்கு வெளியே கொஞ்சம் மேடாக நிற்கும். அதன்மேல் ஒரு பலகைத் துண்டு, அதற்கு மேல் அம்மிக் குழவி. பாரம் வைத்தால் இடுக்கு அடைபடும்.

அடுத்த தொல்லை நீராவி. மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் கொஞ்சம் ஆவி வரும், மேல் தலையணையின் அடித்துணி ஈரமாகும், ஈரமானால் சூடு போகும், அப்புறம் மணக்கும். இதற்கு 400 கிராம் பால்மாப் பைக்கற்றுகள் கைகொடுத்தன. உள்ளே வெள்ளி மாதிரி மினுங்கும் பைக்கற். வெட்டி விரித்து, நன்றாகக் கழுவி, உட்பக்கமும் உட்பக்கமும் முட்டும்படி விளிம்பை அடுக்கி, மேலே பழைய பேப்பர் வைத்து அயன்பெட்டியால் ஒரு இழுப்பு இழுத்தால் ஒட்டிக்கொள்ளும். வெளிப்பக்கம் பட வைத்தால் ஒட்டாது. இப்படி ஒரு பெரிய தாளாக ஆக்கி மேல் தலையணையின் அடியிலும் சுற்றுப் பக்கத்திலும் விரித்தேன். மூடிக்கும் அதற்கும் இடையில் நாலாக மடித்த ஒரு துவாய், ஆவியை அது குடிக்கும், தினமும் காயப் போடலாம். பானையின் அடி படுகிற இடத்தில் மட்டும் பைக்கற் வேண்டாம், உருகும். அங்கே சணல் சாக்கு இரட்டையாக மடித்தது. அடுப்பை நிற்பாட்டியதும் பானையை ஒரு நிமிடம் அப்படியே விட்டுத்தான் இறக்குகிறேன்.

விறகடுப்பில் கொதிக்க வைப்பவர்கள் இரண்டு விசயம் கவனிக்க வேண்டும். ஒன்று கரி. சாம்பலைத் தண்ணீரில் குழைத்துப் பானையின் வெளிப்பக்கம் பூசிவிட்டு அடுப்பில் ஏற்றினால், இறக்கியதும் ஈரத்துணியால் துடைக்கக் கரி சேர்ந்தே வந்துவிடும். மற்றது நெருப்பு. அடியில் ஒரு சின்னத் தணல் ஒட்டியிருந்தாலும் ஆபத்து. உமி சுவாலை விட்டு எரியாது, வெளியே தெரியாமல் உள்ளுக்குள் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். பானையைக் கவிழ்த்துப் பார்க்க முடியாது, ஆகவே துடைக்காமல் கடகத்துக்குள் வைக்கவே கூடாது. நான் காஸில்தான் கொதிக்க வைக்கிறேன்.

சூட்டை அளக்க முதலில் கம்பி வெப்பமானியால் திறந்து திறந்து பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் மூன்று நான்கு பாகை போய்விடும், அளப்பதே பழுதாக்குகிற வேலையாகிவிட்டது. பிறகு வயர் நீண்ட டிஜிற்றல் ஒன்று 1,800 ரூபாவுக்கு வாங்கினேன். கம்பியைப் பானைக்குள் விட்டு வயரை மூடியின் விளிம்பால் வெளியே எடுத்தால் திறக்காமலே பார்க்கலாம். மொத்தச் செலவில் பெரியது இதுதான். வெறும் தண்ணீர் நான்கு லீற்றர் வைத்து ஒருநாள் பகலில் பார்த்தேன். தொடக்கத்தில் 98, ஒரு மணித்தியாலத்தில் 90, மூன்று மணித்தியாலத்தில் 82, ஆறில் 72. வைக்கல் கடகத்தில் இதே ஆறு மணித்தியாலத்துக்கு 52தான் இருந்தது.

இந்த எண்களை ஒரு கடதாசியில் எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன், ஏனென்றால் எதை எவ்வளவு நேரம் விடலாம் என்பது இதில்தான் இருக்கிறது. 60 பாகைக்குக் கீழே இறங்கிய சாப்பாடு மணிக்கணக்கில் கிடந்தால் கிருமி பெருகும். சோற்றில் உண்டாகிற ஒருவகை நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. அதனால் எட்டு மணித்தியாலத்துக்கு மேல் எதையும் விடுவதில்லை. எடுத்ததும் முதல் வேலை இன்னொரு கொதி.

கடலைக்கு வருவோம். முந்தின நாள் விடிய ஊறப்போட்டு, பகலில் ஒருதரம் தண்ணீர் மாற்றி, இரவு புதுத் தண்ணீரில் பதினைந்து நிமிடம் நன்றாகத் தளதளவென்று கொதிக்க வேண்டும். சிம்மரில் அல்ல, முழுக் கொதி. முதல் சில இரவுகள் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் வைத்தேன். விடிய எடுத்தால் தோல் வெடித்திருக்கிறது, நடுவில் மட்டும் கடுக்கு. கடகத்தில் பிழை என்று நினைத்துத் தலையணையை இறுக்கினேன், துவாயைக் கூட்டினேன், ஒன்றும் மாறவில்லை. காரணம் தண்ணீர். வன்னிக் கிணறுகளில் கல்சியம் கூடின தண்ணீர், கேத்தலின் அடியைப் பார்த்தால் வெள்ளைப் படையே சொல்லும். அந்தத் தண்ணீரில் பருப்பு வகை இளக நேரம் எடுக்கும். குடிக்க வாங்குகிற ஆர்.ஓ. தண்ணீரில் (கல்சியத்தை வடிகட்டி எடுத்த தண்ணீர்) ஊறவைத்து அதிலேயே அவித்ததும் கடலை பஞ்சாகிவிட்டது. மாரியில் மழைத் தண்ணீர் பிடித்து வைப்பவர்களுக்கு இந்தச் செலவும் இல்லை. உப்பு, புளி, தக்காளி எல்லாம் வெந்த பிறகுதான். புளிப்பு முந்திச் சேர்ந்தால் எத்தனை மணித்தியாலம் போனாலும் வேகாது.

கௌப்பிக்கு ஊறல் நாலைந்து மணித்தியாலம், கொதி பத்து நிமிடம், கடகத்தில் மூன்று மணித்தியாலம். இரவு முழுக்க விட்டால் குழைந்துவிடும், வெறும் கட்டிக் கஞ்சி. முழுப் பயறு ஊறவே தேவையில்லை, இரண்டு மணித்தியாலத்தில் சரி. கடையில் சிவத்த போஞ்சி விதை வாங்குகிறவர்கள் கவனம்: அதில் இருக்கிற நச்சு பத்து நிமிடமாவது முழுக் கொதியில் கொதித்தால்தான் அழியும், 80 பாகையில் எவ்வளவு நேரம் கிடந்தும் பிரயோசனமில்லை. அதை அடுப்பிலேயே முழுதாக அவிப்பது நல்லது.

சோறு பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். வரும், ஆனால் நாங்கள் வடித்துச் சாப்பிடுகிற ஆட்கள் என்பதால் அளந்த தண்ணீர்க் கணக்கு எனக்குச் சரிப்படவில்லை. அரைக் கிலோ புழுங்கலரிசிக்கு இரண்டரை லீற்றர் தண்ணீர், எட்டு நிமிடக் கொதி, கடகத்தில் ஐம்பது நிமிடம், எடுத்து வடிப்பு. வடித்த கஞ்சி வழமைபோல் மாமிக்கு. தண்ணீர் கூடுவதால் சூடும் கூடப் பிடிக்கும். ஆனால் ஒன்றரை மணித்தியாலம் தாண்டினால் சோறு குழையும். விடியவே வைத்துவிட்டு மத்தியானம் எடுப்போம் என்ற என் முதல் திட்டம் சோற்றுக்குச் சரிவராது. சோறு கெதியில் வேகிற சாமான். இந்தக் கடகம் மெதுவாக வேகிறவற்றுக்குத்தான்: கடலை, கௌப்பி, குரக்கன் கஞ்சி, எலும்பு ரசம், ஆட்டிறைச்சி. இறைச்சியைச் சின்னத் துண்டாக வெட்டி இருபத்தைந்து நிமிடம் கொதித்த பிறகு பகலில் மட்டும், யாராவது வீட்டில் இருக்கிற நாளில் வைக்கிறோம். தேங்காய்ப்பால் எதற்கும் கடகத்துக்குள் போகாது, கடைசியில்தான்.

இது பழகியதும் நாளின் ஒழுங்கே கொஞ்சம் இடம் மாறியது. கடலை விடியச் சமைக்கிற சாமானாக இல்லாமல் இரவுச் சாமானாகிவிட்டது. இரவுச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவுகிற நேரத்தில் ஒரு வாயில் கடலை கொதிக்கும். கழுவி முடியக் கொதியும் முடியும். விடிய எழும்பி ஒரு கொதி விட்டு, தாளித்து, தேங்காய்ப்பூ போட்டால் காலைச் சாப்பாடு. அடுப்பில் இரண்டு வாயும் சோற்றுக்கும் கறிக்கும். மகள் சாதாரண தரம் படிக்கிறாள், இரவு பத்து மணிவரை முழித்திருப்பதால் கடகத்தை மூடுகிற பொறுப்பு அவளுக்கு. மூடிய நேரத்தைக் கடதாசியில் எழுதிவிட்டுப் படுப்பாள். ஊறப்போட மறக்கிற நாள்தான் பிரச்சினை. அதற்கு, ஞாயிற்றுக்கிழமை கிழமைக்குரிய கடலை, கௌப்பியை ஒவ்வொரு நாளுக்கும் அளந்து ஜாம் போத்தலில் போட்டு, விடியத் தேத்தண்ணீர் போடுகிற இடத்தில் வரிசையாக வைக்கிறேன். தேயிலைப் பேணியை எடுக்கக் கை போனால் போத்தல் தட்டுப்படும்.

காஸ் கணக்கு. நெல் மூட்டை நிறுக்கிற தொங்கு தராசு இவரிடம் இருக்கிறது, பத்துப் பத்துக் கிராமாகக் காட்டும். சிலிண்டரைக் கழற்றி, கூரை வளையில் கொழுவி, முன்னும் பின்னும் நிறுத்தேன். ஒரு தடவை நிறையை நம்ப முடியாது, அதனால் பல தடவை நிறுத்துச் சராசரி எடுத்தேன். கால் கிலோக் கடலையைத் திறந்த பானையில் முழுதாக அவிக்க 140 கிராம் அளவு போகிறது. கடகத்துக்கு என்றால் கொதிக்க வைக்கவும் விடிய மறு கொதிக்குமாக 70 கிராமுக்குக் கிட்ட. அரைவாசி. பிரஷர் குக்கர் வைத்திருப்பவர்கள் சிரிப்பார்கள், அதிலும் ஏறக்குறைய இதே சேமிப்புத்தான், நேரமும் குறைவு. உண்மை. என்னுடைய குக்கரின் றப்பர் போய், புதிது மாட்டி, அதுவும் ஆவி விட்டதில் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அதோடு விசில் எண்ண ஆள் வேண்டும். எனக்குப் பெரிய லாபம் காஸைவிட அந்த விடியப்புற ஒரு மணித்தியாலம்தான்.

செலவு என்று பார்த்தால் வெப்பமானி 1,800, தடித்த நூலும் ஊசியும் 260, நாடா 80. கடகமும் துணியும் பையும் வீட்டில் இருந்தவை, உமி சும்மா. வெப்பமானி இல்லாமலும் செய்யலாம், ஆனால் முதல் ஒரு மாதமாவது யாரிடமாவது இரவல் வாங்கி அளந்து பாருங்கள். கைவிரலால் தொட்டு 60 பாகை எது, 50 எது என்று சொல்ல முடியாது.

எலி இல்லாமல் வன்னிக் குசினி இல்லை. எவ்வளவு புடைத்தும் எங்கேயோ ஒரு சப்பி நெல் மிச்சம் இருந்திருக்கிறது. நிலத்தில் வைத்திருந்த கடகத்தின் அடிமூலையைக் கடித்து, அடித் தலையணையில் ஒரு சல்லிக்காசு அளவு ஓட்டை, நிலம் முழுக்க உமி. ஓட்டையை உள்ளிருந்து நைலோன் துண்டு வைத்துத் தைத்தேன். இப்போது பாவிக்காத நேரம் கடகம் வளையில் கட்டிய உறியில் தொங்கும். வெறும் கடகமும் உமியும் ஒன்பது கிலோவுக்குள், அதனால் ஒருவர் தூக்கி மாட்டலாம். பானை உள்ளே இருக்கிற நேரம் ஒரு ஸ்ரூலில், கால்களுக்குத் தண்ணீர்ச் சிரட்டை வைத்து. அது எறும்புக்கு. மாதம் ஒருதரம் தலையணை மூன்றையும் உறையைக் கழற்றி வெயிலில் போடுகிறேன். கோடையில் ஒரு பகல் போதும், மாரியில் வெயில் வருகிற நாள் பார்த்து.

அடுத்ததில் மாற்றப்போவது சில உண்டு. மேல் தலையணைக்கு உமி பாரம், விடிய அரை நித்திரையில் தூக்கச் சிரமம். இலவம் பஞ்சு கிடைத்தால் அதை மட்டும் மாற்றுவேன், பாதிப் பாரம் குறையும். சுற்றுத் தலையணையின் இரண்டு நுனியும் சந்திக்கிற இடத்தில் ஒரு விரல் இடைவெளி வருகிறது, இப்போது துணி திணித்திருக்கிறேன். பன்னிரண்டாவது குழாய் ஒன்று கூட வைத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும்படி தைத்திருக்க வேண்டும், அதற்குத் துணி 190 வெட்ட வேண்டும். கடகமும் சின்னது. பளைப் பக்கம் கடகம் இழைக்கிற அக்கா ஒருவரிடம் 55 சென்ரிமீற்றர் வாய், 45 ஆழத்தில் ஒன்று சொல்லியிருக்கிறேன், 1,500 ரூபா கேட்டார். அது வந்தால் ஏழு லீற்றர் பானை உள்ளே போகும், சனிக்கிழமைகளில் வயலில் வேலைக்கு வருகிற ஆட்களுக்கும் சேர்த்துக் கௌப்பி அவிக்கலாம். உமி இன்னும் ஒரு சாக்கு புடைக்க வேண்டும், அதற்குக் காற்றடிக்கிற பின்னேரம் ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.